சுவரைப் பார்த்த பக்கம்

ஜெப்சன் மேஜையில் அறைந்த வேகத்தில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"வாசிச்சுப் பாருங்க. கேன்சர் இல்லேன்னு எழுதித் தந்தது நீங்கதானே?"

அவன் அறைந்தது லேமினேட் செய்த ரிப்போர்ட். மூன்று மாதம் முன்பு, அம்மா லீலாபாயின் கணையத்தில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தபோது வந்தது. 'புற்றுநோய் அணுக்கள் தென்படவில்லை.' அந்த ஒரு வரி போதாதா? ஞாயிற்றுக்கிழமையே சபையில் அதைத் தூக்கிக் காட்டி, கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னான். பிறகு லேமினேட் செய்து, ஹாலில் பைபிள் வசன அட்டைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான்.

போன வாரம் அம்மாவுக்குக் கண் மஞ்சளித்தது. மறுபடி ஊசி. இந்தத் தடவை கேன்சர்தான். கட்டியும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

டாக்டர் ஆன்றோ ரிப்போர்ட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். அன்று கட்டி சின்னது, இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு, ஸ்கேனில் பார்த்தபடிதான் குத்தினார்கள். ஊசி நூலளவு விலகினாலும் வெறும் ரத்தம்தான் வரும். இந்தத் தடவை லேப் டாக்டர் பக்கத்திலேயே இருந்து, வந்த சதை போதுமா என்று அப்போதைக்கப்போது பார்த்ததால் பிடிபட்டது.

"அப்ப அண்ணைக்கு அவரு எங்க போயிருந்தாரு? எனக்க அம்மைக்க மூணு மாசத்த ஆரு திருப்பித் தருவா?"

"மன்னிச்சிருங்க" என்றார் டாக்டர்.

நர்ஸ் ஷைஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளை டாக்டர் பார்வையாலேயே அடக்கினார். ஜெப்சன் கேஸ் போடுவேன், பேஸ்புக்கில் நாறடிப்பேன் என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு, காரை எடுக்கப் போனான். ஓய்வுபெற்ற டீச்சரான லீலாபாய் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஷைஜா ரிப்போர்ட்டை உருவித் திருப்பினாள். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'எடுத்த சதை போதாது. கேன்சர் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. பத்து நாளுக்குள் மறுபடி சதை எடுத்துப் பார்க்கவும்.'

"நான் அப்பவே ரெண்டு தடவ அவருக்கு போன் போட்டேன் சார். சொல்லவே விடல்ல. 'அம்மைக்கு சுகமாயாச்சு, இனி போன் விளிக்காண்டாம்'னு வச்சிட்டாரு. இத அவருக்க மூஞ்சிக்கு நேரே காட்டத்தான் போறேன்."

லீலாபாய் எழுந்து வந்தாள். ஷைஜாவின் கையிலிருந்து ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டரின் மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே தள்ளி மூடினாள்.

"காலையில ஆணியிலேருந்து எடுக்கும்பம் நானும் வாசிச்சேன் மக்கா. இனி என்னைய இங்க வைத்தியத்துக்குக் கொண்டு நடக்க வேண்டியது அவன்தான். தன்னாலன்னு தெரிஞ்சா அவன் ஒடிஞ்சு போவான்." டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். "பழி கொஞ்ச நாளைக்கு உங்க தலையிலயே கெடக்கட்டும், டாக்டர்."