அஞ்சு வயசில் வந்த அம்மை

"பொய்! பச்சைப் பொய்!" என்று செல்போனை மேஜைமேல் வைத்தார் அழகியநம்பி.

"யாரு?" என்றாள் கௌசல்யா. மகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்.

"பால்பாண்டிதான். அம்மை போட்டிருக்காம். கல்யாணத்துக்கு வர முடியாதாம்."

"போட்டிருக்கும். இப்ப சீசன்தானே?"

"அவனுக்குப் போடாது. அஞ்சு வயசிலேயே வந்துட்டு. ஒரு தடவை வந்தா மறு தடவை வராது. முப்பது வருஷம் ஸ்கூல்ல இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்!"

உண்மைதான். ஒன்பதாம் வகுப்பில் நோய் எதிர்ப்புப் பாடம் வந்தால் கூடவே பால்பாண்டியும் வந்துவிடுவான்.

எண்பத்தாறில் நம்பி காலேஜில் சேர்ந்த புதிது. சாலைக் கடைத்தெருவில், தூரத்து உறவினர் திரவியத்தின் மிளகாய் வத்தல்கடை மாடியில் ஜாகை. நம்பிக்கு அம்மை கண்டதும் கூடத் தங்கியிருந்த ஏழு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கடையில் மூட்டை சுமந்த பால்பாண்டி மட்டும் மேலே ஏறினான்.

"எனக்கு அஞ்சு வயசிலேயே வந்தாச்சு. இனி வராது" என்றான்.

பதினான்கு நாள். கஞ்சி ஊட்டினான். அரிப்பெடுத்தால் வேப்பிலையால் தடவினான். தெரிந்த சினிமாக் கதையெல்லாம் தீர்ந்ததும் தானே இட்டுக்கட்டிச் சொன்னான். கதாநாயகி நாலு தடவை செத்துப் பிழைத்தாள். இன்றைக்கும் வத்தல் நெடி எங்கே அடித்தாலும் நம்பிக்கு அந்தப் பதினான்கு நாள் சுகமாக ஞாபகம் வரும். அம்மை கண்டு கிடந்தது சுகம் என்று வெளியே சொல்ல முடியுமா?

பால்பாண்டிமேல் ஒரு கொப்புளம் எழும்பவில்லை. ஏன்?

"உடம்பு நம்ம சாலைக் கடைக்காரர் மாதிரி. ஒரு தடவை ஏமாத்திட்டுப் போனவன் மூஞ்சியை மறக்கவே மறக்காது. மறுபடி வாசலை மிதிச்சா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிரும்" என்பார் வகுப்பில். 'நினைவுச் செல்கள்' என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போடுவார்.

"நேர்ல போய் அழைக்காம வாட்ஸப்ல பத்திரிகை அனுப்பினா இப்படித்தான்" என்றாள் கௌசல்யா.

"சாலையில கார் நிறுத்த எங்க இடம் இருக்கு?"

"வெத்தலை பாக்கோட போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு ஏன் முறுக்கிக்கிடப் போறாரு?"

"போறேன். போய் அந்தப் பொய்யைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

ஆட்டோவில் ஏறியபிறகு ஒரு சந்தேகம் வந்தது. விஞ்ஞானத்தில் சின்னதாக ஒரு சந்து உண்டு. பழைய அம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, வயசு காலத்தில் அக்கியாக எழும்பலாம். ஆனால் அக்கி பட்டையாக ஒரு பக்கம்தான் வரும். உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. சரி, அதையும் பார்த்துவிடலாம்.

வத்தல்கடை இருந்த இடத்தில் இப்போது எல்.இ.டி. விளக்குக் கடை. நம்பி ஒரு நிமிஷம் நின்று மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஏசி பெட்டி தொங்கியது. பின்சந்தில் பால்பாண்டியின் வீடு. வாசலில் வேப்பிலைக் கொத்து.

'ஏற்பாடெல்லாம் பலமாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டார்.

"அங்கிளே, வரண்டா, கிட்ட வராதீங்க!" பக்கத்து வீட்டுப் படியிலிருந்து கையை ஊன்றி எழுந்தாள் பால்பாண்டியின் மகள் திவ்யலட்சுமி. நிறைமாத வயிறு. "அப்பாவுக்கு சிக்கன்பாக்ஸ். என்னை உள்ளயே விட மாட்டேங்காரு. ஜன்னல்லதான் கஞ்சி வைக்கேன். எழும்பி வந்து எடுக்கக்கூட முடியல்ல. பாதி நேரம் வச்சது வச்சபடி இருக்கு."

"எப்படிம்மா வரும்? அவருக்குத்தான் அஞ்சு வயசிலேயே..."

"எங்ககிட்டயும் அதைத்தான் சொன்னாரு! குடோன்ல சுமடு எடுக்கிற பெங்காலிக்காரர் ஒருத்தருக்கு வந்தது. எல்லாரும் ஓடிட்டாங்க. இவர் போய்க் கூட இருந்தாரு. எனக்கு வந்தாச்சு, பேடிக்கண்டா, பயப்படாதீங்கன்னாரு. இப்பப் பாருங்க."

நம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

பால்பாண்டி பாயில் கிடந்தார். நெற்றி, இடது கன்னம், வலது கன்னம், மார்பு, இரண்டு கையும். நடுக்கோடு என்று ஒன்று இருப்பதையே அம்மை சட்டை செய்யவில்லை.

நம்பிக்கு வாதம் மறந்துபோயிற்று.

"வே பாண்டி... அஞ்சு வயசில ஒமக்கு வரவே இல்ல. அப்படித்தானே?"

பால்பாண்டி கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"பின்னே என்ன சாரே, வந்திருக்குன்னு சொல்லலேன்னா முதலாளி என்னை மாடிப்படி ஏற விட்டிருப்பாரா? நீரு வேற, போயிரு, போயிருன்னு கெடந்து அழுதீரு."

"பக்கத்தில பத்துப் பேர் இருந்தா ஒன்பது பேருக்கு ஒட்டும்வே அது! தெரியுமா ஒமக்கு?"

"அதை நீரே அப்பப் படிக்கல்ல. எனக்கு யாரு சொல்லித் தாறது?"

முப்பது வருஷத்து ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள் நம்பியின் கண்முன் புரண்டன. பாடம் சரிதான். உதாரணம்தான் பொய்.

செருப்பைக் கழற்றினார். ஜன்னலில் ஆறிக்கிடந்த கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

"அய்யோ, உள்ள வராதீரும்!" பால்பாண்டி பதறி எழப்பார்த்தார். "வீட்டில கல்யாணத்தை வச்சுக்கிட்டு..."

"தள்ளிப் படும்வே. எனக்கு நெசமாவே வந்திருக்கு."