அமைச்சருக்கு முதல் மாலை

"சண்டை நேரம் ஆயுதக்குழு வைச்சு எங்கடை பெடியளைக் கடத்தின ஆளுக்கு மாலையோ?" என்று கேட்டாள் மனைவி கமலேஸ்வரி.

தவராசா டையை இறுக்கினார். "இப்ப அவர் எங்கடை நாட்டிலை அமைச்சர். ஒஸ்லோ வரைக்கும் வந்தவரை வரவேற்க வேணும். கடத்தினது, சுட்டது எல்லாம் சும்மா கட்டுக்கதையப்பா."

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக் மண்டபத்தில் முதல் மாலை தவராசாவுடையதுதான். அமைச்சரோடு தோள் உரச நின்ற படத்தை, 'எங்கள் குடும்ப நண்பர்' என்று உடனே பேஸ்புக்கில் போட்டார். இருநூறு லைக் விழுந்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நோர்வேஜிய வழக்கறிஞர் அழைத்தார்.

"படத்தைப் பார்த்தேன். நாளை உங்கள் தம்பியின் அகதி விசாரணை. 'இந்த அமைச்சரின் ஆட்கள் எங்கள் குடும்பத்தையே கொல்லத் தேடுகிறார்கள்' என்று நீங்கள் எழுதித் தந்த சாட்சிக் கடிதத்தை வாசிக்கவா, வேண்டாமா?"