நாற்பத்தொரு கிராம்

"முதல்ல வெறும் தட்டை வெச்சு ஸீரோ பண்ணு. அப்புறம் பட்டாணியைப் படுக்க வை" என்று அவளிடம் சொன்னாள் நாத்தனார்.

அவள் தட்டில் ஒரு துண்டை விரித்தாள். தராசின் எண்கள் பூஜ்யத்துக்கு வந்ததும் குழந்தையைக் கிடத்தினாள். பட்டாணி காலை உதைத்தான். எண்கள் மேலும் கீழும் ஓடின.

நாத்தனார் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். மாவு, வெண்ணெய் மட்டுமல்ல, பாலைக்கூட அளந்து ஊற்ற மாட்டாள், நிறுத்துத்தான் ஊற்றுவாள். அந்தத் தராசை வேறு யாரும் தொட விட்டதில்லை. இன்று அவளே அதை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காரணம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் புட்டிப்பாலுக்கு முன்னால் அவள் குழந்தையை மார்பில் போட்டுக்கொள்வது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை வெறுமனே சப்பிக் களைத்துப்போகிறான் என்பது அவள் கட்சி. அக்கம்பக்கத்தாரும் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். டாக்டர் மட்டும், முயன்று பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மாத்திரை விழுங்கினாள். பால் எடுக்கும் இயந்திரத்தோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அதில் வந்தது புட்டியின் அடியை நனைத்ததோடு சரி.

"புட்டிப்பால்லயே பிள்ளை நல்லா வளருவான். உன்னை யாரு என்ன கேக்கப் போறாங்க? வராததுக்கு எதுக்கும்மா உடம்பைப் போட்டு வருத்திக்கறே?" என்று நேற்றும் கேட்டாள் நாத்தனார். குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

தராசில் எடை ஏறாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். மாத்திரை, இயந்திரம், ஆசை, எல்லாவற்றையும்.

"மில்லி வேற, கிராம் வேற. குடிச்சது எவ்வளவுன்னு எடையில எப்படிக்கா தெரியும்?" கணவனுக்குச் சந்தேகம்.

"புட்டியில கோடு போட்டிருக்கான், பார்த்துக்கலாம். இங்க ஏதுடா கோடு? குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடை. தண்ணின்னா ஒரு மில்லி ஒரு கிராம். எண்ணெய் லேசு, தேன் நல்ல கனம். பால் தண்ணியைவிடத் துளி கனம், நூறு மில்லி நூத்திமூணு கிராம் நிக்கும். பள்ளிக்கூடத்துல தூங்கிட்டியா?"

உதைப்பது நின்றது. மூவாயிரத்து நானூற்று இருபது. நாத்தனார் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

அவள் குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டாணி வாய் வைத்தான். சப்புகிறானா, விழுங்குகிறானா? அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் செருகியது. களைத்துத் தூங்கினாலும் வயிறு நிறைந்து தூங்கினாலும் அந்த முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வெளியே வந்தபோது கணவன் குழந்தையை வாங்கினான். அடியில் கை வைத்ததும் முகம் மாறியது.

"போயிட்டான். இரு, டயப்பரை மாத்திட்டு வந்துடறேன்."

"கை வெச்சே, தொலைச்சிடுவேன்" என்றாள் நாத்தனார். "டயப்பர்ல போனதும் முதல் எடையில சேர்ந்ததுதான். எந்தத் துணியோட ஏறினானோ அதே துணியோட ஏறணும். ஒரு சொட்டு வெளிய போச்சுன்னா கணக்கே கெட்டுச்சு."

கட்சி மாறி யோசிப்பது நாத்தனாருக்கே தெரியவில்லை. அத்தனை கறாராக நியாயம் பார்க்கிறவளை அவள் முதல் தடவையாக ஆசையோடு பார்த்தாள்.

ஈர டயப்பரோடு பட்டாணி தட்டில் ஏறினான். தூக்கத்தில் அசையவில்லை. எண்கள் ஓடி நின்றன.

மூவாயிரத்து நானூற்று அறுபத்தொன்று.

நாத்தனார் குழந்தையைத் தூக்கிவிட்டு மறுபடி ஸீரோ வைத்தாள். மறுபடி கிடத்தினாள். அதே எண். மூன்றாம் முறையும் அதே எண்.

"தராசு ஏதாவது..." என்று இழுத்தான் கணவன்.

"என் தராசையா சொல்றே? இதுல நிறுத்துச் செஞ்ச கேக் ஒண்ணுகூடச் சப்பையானதில்லடா." அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். "நாப்பத்தொரு கிராம். அதாவது, நாப்பது மில்லி." குரல் உடைந்தது. "நாப்பது மில்லிம்மா. நான்தான் முட்டாள்."

அதைக் கேட்டவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் தடுப்பூசி போட வேண்டும். யாரும் கூப்பிடாமலே நாத்தனாரும் கூட வந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நாற்பது மில்லி கதையைச் சொல்லி முடித்திருந்தாள். நர்ஸ் புதியவள். தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்று அவள் கேட்டதுதான் தாமதம், "ரெண்டும்தான். ஆனா முதல் பந்தி தாய்ப்பாலுக்கு" என்றாள் நாத்தனார்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "பிரசவம் எப்படி? நார்மலா, ஆபரேஷனா?"

எப்போதும் பிறர் பேச விட்டு ஒதுங்கி நிற்கிறவள், இந்தமுறை நாத்தனாரை முந்திக்கொண்டாள்.

"ரெண்டும் இல்லைங்க. பட்டாணியை நான் பெத்துக்கல. கோர்ட்டுல உத்தரவு வாங்கி, குழந்தைகள் காப்பகத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தோம்."