பூட்டிய வீட்டில் யார்?

தடாலென்று மேசையைக் கவிழ்த்தான் ரங்கெல். பேனாவும் தாளும் தரையில் சிதற, தேர்வு எழுதிக்கொண்டிருந்த பதினோரு கைதிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

காவலர் ஸ்தாமத் தடியோடு உள்ளே பாய்ந்தார். "என்னடா ரங்கெல், அடிதடியா?"

"நான் ஒண்ணுமே பண்ணல சார்," என்று அலறினான் பக்கத்து மேசைக்காரன். "தப்பா எழுதறியேடா, போன வாரம் இதே மாதிரி கேள்விக்கு நீதானே முதல்ல பதில் சொன்னவன்னு கேட்டேன். அவ்வளவுதான்!"

"எல்லாரும் தாளைக் குடுத்துட்டுக் கிளம்புங்க. ரங்கெல், நீங்க மட்டும் இருங்க," என்றாள் ஆசிரியை நெவேனா.

டான்யூப் ஆற்றங்கரையிலிருந்த அந்தச் சிறைக்கு வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து வந்து, எழுத்தறியாத கைதிகளுக்குப் பாடம் நடத்துபவள் அவள். இந்தத் தேர்வில் தேறினால் தண்டனையில் மூன்று மாதம் குறையும். ரங்கெல் தேறிவிட்டால், செப்டம்பரில் ஊரே முற்றத்தில் அடுப்பு மூட்டித் தொக்குக்காகக் குடைமிளகாய் சுடும்போது அவனும் வீட்டில் இருப்பான்.

கீழே கிடந்த அவன் தாளை எடுத்துப் பார்த்தாள்.

'வாசற்கதவில் துருப்பிடித்த சங்கிலி. தபால் பெட்டி நிரம்பி வழிகிறது. பிளம் பழங்கள் மரத்தடியிலேயே அழுகிக் கிடக்கின்றன. இங்கே நேரடியாகச் சொல்லப்படாத எதை நீங்கள் புரிந்துகொள்கிறீர்கள்?' என்பது கேள்வி.

'வீட்டுக்காரி உள்ளேதான் இருக்கிறாள். புருஷன் வருவான் என்று சமைக்கிறாள்,' என்று எழுதியிருந்தான் ரங்கெல். 'கைவிடப்பட்ட' என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்ன இடத்தில் வெறும் கோடு.

ஸ்தாமத் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நான் அன்னைக்கே சொல்லல டீச்சரம்மா? இவன் மண்டை முழுக்கக் களிமண்ணு. மூட்டை தூக்கத்தான் லாயக்கு."

"சும்மா இருங்க சார்," என்ற நெவேனா ரங்கெலிடம் திரும்பினாள். "முதல் நாள் வகுப்புக்கு ஏன் வந்தீங்கன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"பொண்டாட்டி லெட்டரை என் கண்ணால படிக்கணும்னு சொன்னேன்."

அவள் மறக்கவில்லை. ரங்கெலோடு ஒரே அறையில் இருக்கும் வெல்கோ, போலிப் பத்திரம் தயாரித்து உள்ளே வந்தவன். முத்து முத்தான கையெழுத்து. ரங்கெல் சொல்லச் சொல்ல அவன் மனைவி தஃபினாவுக்குக் கடிதம் எழுதுவதும், அவளிடமிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் வெல்கோதான்.

"அரைப்பக்கம் லெட்டரை அரைமணி நேரம் படிப்பான் டீச்சர். வரிக்கு வரி தும்மல் வேற!" என்று ரங்கெல் சொல்லிச் சிரித்திருக்கிறான். "ஆனா கேக்க நல்லாருக்கும். முப்பது ஜாடி மிளகாத் தொக்கு போட்டு வச்சிருக்காளாம். நான் வராம ஒண்ணைக்கூடத் திறக்க மாட்டாளாம்."

அந்தச் சிரிப்பு இப்போது அவன் முகத்தில் இல்லை.

"போன வாரம் பலகைல எழுதின முழுப் பத்தியையும் தடுமாறாம வாசிச்சீங்க. இன்னைக்கு என்ன ஆச்சு? யாராவது மிரட்டுறாங்களா?"

"அதெல்லாம் இல்ல டீச்சர்."

"அப்ப மறுபடி எழுதுங்க. புதுத் தாள் தரேன், பத்தே நிமிஷம்."

ஸ்தாமத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "எனக்கு இந்தத் தூரத்துல கண்ணு சரியாத் தெரியாது டீச்சரம்மா. எழுதுடா கழுதை."

ரங்கெல் பேனாவைத் தொடவில்லை. "தேறினவங்க பேரைச் சாப்பாட்டுக் கூடத்துல ஒட்டுவாங்கல்ல?"

"ஆமா. எல்லாரும் பாப்பாங்க. பெருமைதானே?"

"அதுல என் பேரு வேணாம் டீச்சர்."

"மூணு மாசம் ரங்கெல்! அதை யாராவது வேணாம்னு சொல்வாங்களா? தஃபினா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க இல்ல?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. நெவேனா பிரித்துப் படித்தாள்.

'ரங்கெல், நாலாவது தடவை சொல்கிறேன். இனி எனக்கு எழுதாதே. வீட்டை விற்றாகிவிட்டது. பிள்ளைகள் இப்போது இவரைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறார்கள். இங்கே வராதே. தஃபினா.'

அவ்வளவுதான் இருந்தது. நெவேனா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதை எப்ப படிச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை. வெல்கோ குளிக்கப் போயிருந்தான். இதோட பழைய மூணையும் எடுத்துப் படிச்சேன். எல்லாம் இதேதான்."

"இத்தனை நாளா உங்களை ஏமாத்தியிருக்கானே! அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கலையா?"

ரங்கெல் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பு மாறாமல் மடித்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியும்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் படிச்சுக் காட்ட மாட்டானே டீச்சர்."