அப்பாவின் மீட்டர்

மூன்று வருடம் ஷெட்டில் சும்மா கிடந்த பழைய விமானத்தில், கழுத்தில் பட்டுத்துணி பறக்க ஏறி உட்கார்ந்தார் முதலாளி ஹரீஷ்குமார்.

“சும்மா நின்ன இன்ஜினுங்க. ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் பிரஷர் முள்ளு ஏறுதான்னு பாக்காம பறக்காதீங்க,” என்றார் மெக்கானிக் மாதவன்.

“ஓசூர்ல மூணு ஃபேக்டரி நடத்துறேன். எனக்கே பாடமா?” ஹரீஷ்குமார் ஆயில் பிரஷர் மீட்டரில் வைத்திருந்த குங்குமப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டார். “அப்பாவோட விமானத்துல இருந்து கழட்டி மாட்டினது. ராசியானது.”

அந்த விமானம் அப்பாவோடு பாரூர்க் கரும்புக்காட்டில் விழுந்ததை மாதவன் நினைவூட்டவில்லை.

“முள்ளப் பாரு. எவ்வளவு?”

“அறுபதுங்க. விழறதுக்கு முன்னாடி உங்கப்பா வயர்லெஸ்ல சொன்னதும் அறுபதுதான்.”

“நல்ல பிரஷர்தானே? அப்புறம் என்னய்யா?”

“இறங்குங்க சார். நான் இன்னும் இன்ஜின ஸ்டார்ட்டே பண்ணல.”