முதல் வாய்க் கள்

செடிகொடி சேகரிக்கக் கொல்லிமலை ஏறி வந்திருக்கும் ஸ்பெயின்காரர் மர்த்தீனைத் தான் கள் இறக்கும் கூந்தப்பனை மரங்களுக்கு நடுவே கூட்டிப்போகிறான் செங்கோடன். தேவனூர் நாடு என்னும் அந்த மலைப்பகுதியில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. மிளகுக்கொடிகளில் இளவெயில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இது எங்கப்பன் வெச்ச மரமுங்க தொரை" என்று ஒரு பனையைத் தட்டிக்காட்டுகிறான். மர்த்தீனின் அப்பாவும் ஊரில் இப்படித்தான், வந்தவர்களைத் திராட்சைக் கொடிகளுக்கிடையே நடத்திக் கூட்டிப்போய், கடைசியில் நிலவறைப் பீப்பாயிலிருந்து திராட்சை மது ஊற்றித் தருவார். செங்கோடன் கள் நிறைந்த மூங்கில் குழாயைச் சாய்க்கிறான். மண்ணில் ஒரு சொட்டு சாமிக்கு, மீதி இலைத்தொன்னையில் விருந்தாளிக்கு. மர்த்தீன் முகர்ந்து பார்க்கிறார், கண்மூடி வாயில் சுழற்றுகிறார், பிறகு தன் ஊரில் மது ருசி பார்ப்பவர்கள் செய்வதுபோல் பழக்கத்தில் ஓரமாகத் துப்பிவிடுகிறார். செங்கோடனின் முகம் சுண்டிப்போகிறது. "ஏனுங்க தொரை, புடிக்கலீங்களா?" அவன் மனைவி மாராயி பதறி மரத்தடிக்கு ஓடிவருகிறாள். "மொத வாயத் துப்புனா மரம் வத்திப்போயிருமுங்க!" மர்த்தீன் செங்கோடனின் முகத்தையே பார்க்கிறார். ஊரில் வியாபாரிகள் ருசி பார்த்துத் துப்பிவிட்டுப் போன சாயங்காலங்களில், இதே முகத்தோடுதான் அவருடைய அப்பா கொடிகளிடம் போய்த் தனியாகப் பேசிக்கொண்டு நிற்பார். தொன்னையை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். "ஊத்துங்க" என்கிறார், தெரிந்த கொஞ்சத் தமிழில். புளிப்பும் இனிப்பும் நுரையுமாகத் தொண்டையில் இறங்குவதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறார். மாராயி மூச்சு விடுகிறாள். செங்கோடன் மரத்தைத் தடவிக்கொடுத்து, அதனிடம் மெல்லச் சொல்கிறான்: "குடிச்சுட்டாரு கண்ணு, பயப்படாதே."