நாலாவது மாடி

1999, சனிக்கிழமை மாலை நாலரை மணி. இணையம் ஓடும் போன் லைன் ஐந்து மணிக்கு அக்காவுக்கு வேண்டும். அதற்குள் பாகான் டாலாம் என்ற ஊரில் இருக்கும் நண்பன் வாசுவைத் தன் விளையாட்டு சர்வருக்குள் கொண்டுவர, கதிரேசன் ரௌட்டரில், வெளியாட்கள் உள்ளே வரும் வழியான போர்ட்டைத் திறந்தான். எந்தக் கணினிக்கு அனுப்புவது என்ற இடத்தில், அவசரத்தில் தன் கணினியின் எண்ணான 5-க்குப் பதில் 4 தட்டினான்.

“போர்ட்ட தொறந்தா கப்பலா வரும்?” என்றாள் அக்கா.

வாசு வரவில்லை. கதிரேசன் விளையாட்டில் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தான். திரையில் யாரோ எழுதினார்:

“தம்பி, மெதுவா சுடு லா. கீழ நாலாவது மாடில தூங்குறாங்க.”

சீனர்களுக்கு நாலு ஆகாது; அவர்கள் மொழியில் அது சாவு என்பதுபோல ஒலிக்கும். அந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதான். அங்கேதான் கதிரேசன் வீடு.

அவன் போன் வயரைப் பிடுங்கினான். எழுத்து நிற்கவில்லை.

“வாசு இங்க வந்துட்டான் தம்பி. மேல அனுப்பவா?”